பெரியம்மாவின் வேண்டுதல்

எனக்குக் கரு நின்றிருக்கிறது என்று பெரியம்மா மருந்துக் கடையில் வைத்தே முடிவு செய்துவிட்டார்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் கடை. நான் டாக்டரின் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியம்மா எனக்குப் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை. கடைக்காரர் எடுத்து வைத்த அட்டையை அவர் பார்த்துவிட்டார். முத்துப் போல வெள்ளையாக, உருண்டையாக இருக்கும் மாத்திரை. அவர் மகள் செல்வப்பிரியாவுக்கு இரண்டாவது குழந்தையின்போது மூன்றாம் மாதம் உதிரப்போக்கு வந்தது. அப்போது கரு தங்குவதற்காக டாக்டர் கொடுத்ததும் இதே மாத்திரைதான்.

அந்த மாத்திரையைக் கரு நிற்பதற்கு முன்பும் கொடுப்பார்கள். கருமுட்டை வெளிவந்த பிறகு, கர்ப்பப்பையின் உட்சுவர் உதிராமல் தயாராக இருப்பதற்காக. இது பெரியம்மாவுக்குத் தெரியாது. அன்று எனக்கு மாதவிலக்கு வந்து பதினாறாம் நாள். உள்ளே ஏதாவது நடந்ததா என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாத நாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் தோளைத் தொட்டு, "வெயில்ல நிக்காத கண்ணு" என்றார். எட்டு வருடங்களில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பெரியம்மாவின் பெயர் தெய்வாத்தாள். என் அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் சீர்களை முன்னின்று நடத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள். யார் விளக்கைத் தொடலாம், யார் பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னால் அதுதான் முடிவு. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டு முடிவுகளும் அவருடையவை ஆயின. அம்மா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் தம்பி சம்பத்தின் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். எங்களில் கல்யாணத்தன்று இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலை வைத்த கூடையைத் தலையில் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். சேலையின் ஒரு முனை அவள் கையில், மறு முனை அவன் கையில். உனக்குப் பிறக்கும் பெண்ணை என் பையனுக்குக் கொடுப்பாயா என்று அவள் மூன்று முறை கேட்பாள். அவன் மூன்று முறை கொடுக்கிறேன் என்பான். இந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இல்லாமல் தாலி கட்டமாட்டார்கள்.

சம்பத்துக்கு நான் ஒரே அக்கா.

நாள் குறித்த அன்று பெரியம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இணைச்சீரைத் தன் மகள் செல்வி செய்யட்டும் என்றார். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். சம்பத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ மனசுல வெச்சுக்காத கண்ணு," என்றார் பெரியம்மா. "செல்விக்கு ரெண்டும் பையனுங்க. கேக்கறவ மடில ஒரு புள்ள இருந்தாத்தான அந்தக் கேள்விக்கு அர்த்தம். வெறும் மடியோட நின்னு கேட்டா, வர்ற பொண்ணுக்கும் அதே ஒட்டிக்கும்."

நான் டம்ளர்களைக் கழுவினேன். ஆறு டம்ளர். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கழுவினேன்.

என் மடி ஏன் வெறும் மடியானது என்பது அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் சம்பத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவன் அப்போது ஊட்டியில் ஹாஸ்டலில் இருந்தான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு வியாழக்கிழமை தொப்புளைச் சுற்றி வலி வந்தது. வெள்ளிக்கிழமை அது வலது பக்கம் இறங்கியது. காய்ச்சல் வந்தது. அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள். சனிக்கிழமை காலை என்னால் காலை நீட்ட முடியவில்லை. அன்று மதியம் செல்வப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம்.

பெரியப்பா காரை எடுத்தார். பெரியம்மா முன்னால், அம்மா பின்னால். என் தலை அம்மாவின் மடியில் இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அதன் கேட்டு வரை போனோம். உள்ளே டோக்கன் கொடுக்கும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அவளைப் பார்த்ததும் காரைத் திருப்பச் சொன்னார்.

"கல்யாணமாகாத புள்ள வயித்து வலின்னு வந்து படுத்தா, என்ன வலின்னு கேப்பாங்களா? யாருதுன்னு கேப்பாங்க. இன்னைக்கு நாள்ல இந்தப் பேச்சு நம்ம ஊட்டுக்கு வேண்டாம். சாயங்காலம் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போலாம். அங்க நம்மள ஆருக்கும் தெரியாது."

பெரியப்பா திருப்பினார். அம்மா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டு அறையில் என்னைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே நாதஸ்வரம் கேட்டது. பாயசத்தின் வாசனை வந்தது; வாந்தி எடுத்தேன். ஐந்து மணிக்கு விருந்தாளிகள் கிளம்பிய பிறகு மறுபடி கார். எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும் வலி சட்டென்று நின்றது. வலி போய்விட்டது என்று சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பெரியம்மா வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

குடல்வால் வெடித்தால் வலி கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு சீழ் வயிறு முழுவதும் பரவும். அதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஊரில் நான் கல்லூரி டூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குக் கல்யாணம் பேசியபோது வயிற்றுத் தழும்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னவரும் பெரியம்மாதான். என் கணவர் சதீஷ் முதல் வாரமே பார்த்துவிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "அந்தக் காருக்குள்ள நான் இருந்திருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

நான்கு வருடம் குழந்தை இல்லை. கர்ப்பப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு பக்கமும் சாயம் வெளியே வரவில்லை. கோயமுத்தூர் டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கருக்குழாயின் நுனி விரல்களைப் போல விரிந்திருக்க வேண்டும், முட்டையைப் பிடிப்பதற்கு. எனக்குப் பழைய சீழினால் அந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி முஷ்டியாகிவிட்டன. வலது குழாய் நீர் கோத்து ஊதியிருந்தது.

வயிற்றில் துளையிட்டு ஆபரேஷன் செய்தார்கள். வலது குழாயை எடுத்துவிட்டார்கள். இடது குழாயின் ஒட்டுதல்களைப் பிரித்து, நுனியைத் திறந்து விட்டார்கள்.

"ஒரு வருஷம் இயற்கையா முயற்சி பண்ணலாம்," என்றார் டாக்டர். "அதுக்குள்ள மறுபடி ஒட்டிக்கலாம். நாள் தள்ளிப்போனா உடனே என்கிட்ட வரணும். கரு குழாயிலேயே தங்கிட்டா உயிருக்கு ஆபத்து."

ஒரு வருடம். பன்னிரண்டு முட்டை. அவற்றில் பாதி, குழாய் இல்லாத வலது பக்கத்தில். நான் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். மருந்துக் கடையில் நின்ற அன்று ஏழு போயிருந்தது. எட்டாவது நடந்துகொண்டிருந்தது.

நான் பெருமாட்டியில் ஒரு பால் சங்கத்தில் வேலை செய்கிறேன். படித்தது மைக்ரோபயாலஜி. விடிந்ததும் கேன்கள் வரும். பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மூணு ஊசி போட்டாச்சுங்க, சினை நிக்கல, சந்தைக்கு ஓட்டிர வேண்டியதுதான் என்பார் ஒருவர். இன்னொருவர் அவரை இடிப்பார். சட்டென்று எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நான் கண்ணாடிக் குழாயைக் குலுக்கிக்கொண்டே இருப்பேன்.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் போயிருப்பார். அதனால் என்னைச் சாது என்பார்கள். எட்டு வருடமாகப் பெரியம்மாவை என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அவர் கைகால் முடங்க வேண்டும் என்றோ சாக வேண்டும் என்றோ நினைத்ததில்லை. பயம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு மாதமும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது செல்வப்பிரியாவின் மாமியார் திருப்பூரில் இறந்துபோனார். பதினாறு நாள் தீட்டு. செல்வப்பிரியா பந்தலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. எங்கள் பங்காளி வீடுகளில் வேறு கல்யாணமான பெண் இல்லை. பெண் வீட்டாரோ, கூடப் பிறந்த அக்கா இருக்கும்போது ஏன் வேறு ஆளைத் தேடுகிறீர்கள் என்று ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் மருந்துக் கடை.

மருந்துக் கடைக்கு மறுநாள் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் வீட்டுக்கு அவர் அதுவரை வந்ததே இல்லை. தாம்பாளத்தில் தேங்காய், பழம், மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. பின்னால் அம்மா. அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

பெரியம்மா நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா கண்ணு? மூணு மாசம் ஆகாம வெளிய சொல்லக்கூடாதுதான். நான் என்ன வெளியாளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்குத் தலை குனிந்தால் எங்கள் ஊரில் ஆமாம் என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அம்மா அழுதாள். பெரியம்மா தாம்பாளத்தை என் மடியில் வைத்தார். தம்பியின் இணைச்சீரை நான்தான் செய்ய வேண்டும் என்றார். கடவுளே பார்த்துத்தான் செல்வியை ஒதுக்கி எனக்கு வழிவிட்டிருக்கிறார் என்றார். ஒரு பெண் செத்துப்போனதை இப்படியும் சொல்லலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உங்க கையாலயே கூடையத் தூக்கி எந்தலைல வெக்கோணுங்க," என்றேன். நான் ஏதாவது கேட்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வேற ஆரு வெப்பா சாமி? நாந்தான் வெப்பேன்."

அவர்கள் போன பிறகு சதீஷ் சமையலறைக்கு வந்தார். கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"வேண்டாம் அம்மிணி. இது நெசமாச்சுன்னா சரி. இல்லீன்னா?"

"இல்லீன்னாத்தானுங்க எனக்கு வேணும்," என்றேன்.

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு கழுவாத பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

அடுத்த பத்து நாள் அம்மா தினமும் வந்தாள். மாதுளை உரித்துக் கொடுத்தாள். என்னைக் குனியவிடவில்லை. பால் சங்கத்தில் கேனைத் தூக்காதே என்றாள். அதை நான் என்றுமே தூக்கியதில்லை. அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். பின்சீட்டும் அந்த மடியும் ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன். மாதுளை இனிப்பாக இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து நாளில் சில சமயம் நானே மறந்துபோனேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். இடது பக்கம் படுத்தேன்.

கல்யாணத்தன்று காலை ஐந்து மணிக்குப் பரிசோதனைப் பட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தது. பதினைந்து நிமிடம் பார்த்தேன். ஒரு கோடுதான் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோடு.

பட்டையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, மாம்பழ நிறச் சேலையைக் கட்டினேன். இரண்டு கோடு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

கல்யாணம் சித்தூர் பக்கம் ஓர் ஆடிட்டோரியத்தில். பெரியம்மா எல்லா இடத்திலும் இருந்தார். நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கேட்டவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும். மேடைக்குப் போவதற்குள் முந்நூறு பேருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக என்னைப் பார்த்தால் குழந்தைகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்ட பெண்கள் என் கன்னத்தைத் தொட்டார்கள்.

கூடையைப் பெரியம்மா தூக்கினார். மூச்சு வாங்கியது அவருக்கு. என் தலையில் வைத்து, சும்மாட்டைச் சரிசெய்து, நெற்றியில் குங்குமம் இட்டார். மூன்று சுற்று வந்து சம்பத்தின் பக்கத்தில் நின்றேன். கூறைச்சேலையின் முனையை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் கை வியர்த்திருந்தது.

"கேளு கண்ணு," என்றார் பெரியம்மா.

அந்தக் கேள்வியை எத்தனையோ கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். மைக்கில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் வார்த்தைக்கே இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"உனக்குப் பொறக்கற பொண்ண... எம் பையனுக்குக் குடுப்பியா?"

"குடுக்கறேன் அக்கா."

இரண்டாவது முறை கேட்டபோது எனக்கு ஒரு பையன் இருப்பதைப் போல இருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது அவனுக்கு முகம் வந்துவிட்டது. சம்பத் மூன்று முறையும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்த ஓர் ஆளுக்கு மட்டும் நான் துரோகம் செய்கிறேன் என்று தோன்றியது. அதை அப்படியே விழுங்கினேன்.

தாலி கட்டி முடிந்தது. பந்தி ஆரம்பித்தது. கை கழுவும் இடத்தில் நான் தனியாக நின்றிருந்தபோது பெரியம்மா ஓர் இலைத் துண்டில் லட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு உசுருக்குத் தின்னோணும் என்றார்.

நான் லட்டை வாங்கிக்கொண்டேன்.

"பெரியம்மா, எனக்கு ஒண்ணும் நிக்கலீங்க."

"என்ன கண்ணு?"

"காலைலயே பாத்துட்டனுங்க. இல்லைன்னு வந்துருச்சு. அந்த மாத்திரை நிக்கறதுக்கு முன்னாடியும் குடுப்பாங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். சம்பத்தும் மணப்பெண் பவ்யாவும் போட்டோவுக்கு நின்றிருந்தார்கள். பவ்யாவின் தோளில் அந்தக் கூறைச்சேலை.

"தெரிஞ்சுமா கூடைய வாங்குன?" குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"நீங்க வெச்சீங்க. நான் வாங்கினனுங்க."

"அவம் வாழ்க்கைடி அது. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"அன்னைக்குக் கார்ல படுத்திருந்ததும் ஒரு புள்ளதானுங்க."

அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் திறந்துகொண்டு அவர் சேலையில் தெறித்தது. அவர் மூடவில்லை. நான்தான் மூடினேன்.

அந்த நேரத்தில் பவ்யாவின் அம்மா அங்கே வந்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவோ ஏதோ என்று பதறினார். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பெரியம்மா சிரித்தார். "ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. புள்ளைக்குச் சித்த தலசுத்தல். இந்த மாசத்துல அப்படித்தான இருக்கும்."

அவர் எனக்காகப் பொய் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லை அவருக்கு. வெறும் மடிக்காரி கூடை சுமந்தாள் என்று சொன்னால், அந்தக் கூடையை ஏற்றி வைத்தது யார் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவரை விளக்கைத் தொடவிடமாட்டார்கள்.

எனக்கு அந்தச் சடங்கில் நம்பிக்கை இல்லை. ஒரு கூடையினால் ஒரு பெண்ணின் கருக்குழாய் ஒட்டிக்கொள்ளாது. சீழினால்தான் ஒட்டும். ஆனால் பெரியம்மாவுக்கு நம்பிக்கை உண்டு. நம்புகிறவருக்குத்தான் அது வலிக்கும். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அவருடைய நம்பிக்கைதான்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் மாதவிலக்கு வந்தது. கலைந்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொன்னதும் பெரியம்மாதான். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பெரியம்மா எனக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். எனக்குக் குழந்தை பிறந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வந்துவிடும். கொஞ்சம் தாமதமானாலும் சீர் செல்லும். பவ்யாவுக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு கணக்கை அவரே கண்டுபிடித்திருந்தார். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் வந்தார். தீங்கு செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கச் சொல்லி அங்கே மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். மிளகாய் அரைத்தவர்கள் வரிசையைத் தாண்டித்தான் அவர் போயிருப்பார். கண் எரிந்திருக்கும்.

என்னுடைய தேதி அவருக்கு மனப்பாடம். அந்தத் தேதியில் காலை ஏழு மணிக்குப் போன் வரும்.

"என்னாச்சு கண்ணு?"

"வந்துருச்சுங்க பெரியம்மா."

அதன் பிறகு ஓர் அமைதி. அந்த அமைதியை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான்கு வருடம் குடியிருந்திருக்கிறேன். முதல் மாதம் அதைக் கேட்டபோது என் வலிகூடக் குறைந்தது. இரண்டாவது மாதமும் அவர் போனுக்குக் காத்திருந்தேன். மூன்றாவது மாதம் அவர் ஏழு கிலோ குறைந்திருப்பதாக அம்மா சொன்னாள். சர்க்கரை கூடியிருக்கும் என்றேன்.

பவ்யா ஒரு நாள் பால் சங்கத்துக்கு வந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். வெகுளி. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள், முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"அண்ணி, பெரியத்தை எதுக்குங்க மாசாமாசம் எனக்கு நாள் தள்ளிப்போச்சான்னு கேக்கறாங்க? நாங்க ரெண்டு வருசம் கழிச்சுன்னு இருக்கோம். இல்லைன்னா அழறாங்க. எனக்கே பயமா இருக்குதுங்க."

கவலைப்படாதே, அவருக்கு வயதாகிவிட்டது என்றேன். அவள் போன பிறகு இரண்டு கேன்களின் அளவை மாற்றி எழுதிவிட்டேன். அழித்துத் திருத்தினேன்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாவது மாதம். நோட்டில் கடைசிக் கோடு. அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்து, செயற்கைக் கருத்தரிப்பைப் பற்றிப் பேச வேண்டும். தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று போன் வந்தபோது இன்னும் இல்லை, பார்க்கலாம் என்றேன். திங்கள், செவ்வாய், புதன். தினமும் ஏழு மணிக்குப் போன். அவர் குரல் நாளுக்கு நாள் மெல்லியதாகிக்கொண்டு வந்தது, உரக்கப் பேசினால் எதுவோ கலைந்துவிடும் என்பதைப் போல.

வியாழக்கிழமை விடிகாலை பட்டையை வைத்தேன். இரண்டு நிமிடத்திலேயே இரண்டாவது கோடு வந்துவிட்டது. மங்கலாக, ஆனால் கோடு.

சதீஷை எழுப்பினேன். அவர் பட்டையைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

டாக்டருக்குப் போன் செய்தோம். இன்று ரத்தம் கொடுக்க வேண்டும், சனிக்கிழமை மறுபடி கொடுக்க வேண்டும். ஹார்மோன் அளவு இரட்டிப்பாக வேண்டும். அதன் பிறகு ஸ்கேனில் கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கர்ப்பப்பையிலா, திறந்துவிட்ட அந்த ஒற்றைக் குழாயிலா. வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய்விட வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். சதீஷ் அன்று லீவு போட்டார். என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, வண்டியைச் சங்கத்து வாசலிலேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குக் கேன்கள் முடிந்ததும் ரத்தம் கொடுக்கப் போக வேண்டும்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது.

வரிசையில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சதீஷ் வெளியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு கண்ணு?"

இன்னும் இரண்டு வாரத்துக்கு எனக்கே நிச்சயமில்லை. குழாயில் இருந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. நான் பயந்துபோயிருந்தேன். இந்தப் பயத்தில் பாதியை அவரிடம் கொடுத்துவிடலாம், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். இப்போதைக்கு இந்த உலகத்தில் எனக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக வேண்டுகிறவர் அவர்தான். சொன்னால் அழுவார். ஆனைமலைக்கு நடந்தே போவார். நிம்மதியாகச் சாப்பிடுவார்.

"வந்துருச்சுங்க பெரியம்மா," என்றேன்.

அந்த அமைதி வந்தது. வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. பின்னால் ஒரு கோழி கத்தியது. பிறகு அவர், "செரி கண்ணு. நீ வெசனப்படாத" என்றார். போனை வைத்துவிட்டார்.

போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்தவரைக் கேனைத் திறக்கச் சொன்னேன்.